ஊசியை எடுத்த பிறகும் பேசிய பெட்டி

பழைய ரெக்கார்டு பிளேயர்களைத் தேடி வாங்கும் பிள்ளைகள் சிலர் பம்பாயில், மான்குர்த்தில் என் வீட்டைக் கண்டுபிடித்து வருகிறார்கள். ஸ்பீக்கர் கரகரக்கிறது, சரிசெய்யலாமா, புதிது போடவேண்டுமா என்று கேட்பார்கள். கூம்புத் தாளின் இரண்டு பக்கமும் விரல்களை வைத்து ஒரே சீராக உள்ளே அமுக்கிப் பாருங்கள் என்பேன். சத்தமில்லாமல் போய்வந்தால் அதற்கு இன்னும் உயிர் இருக்கிறது. மணல் அரைபடுவதுபோல் உரசினால் உள்ளே இருக்கும் காயில், அதாவது செப்புக் கம்பிச் சுருள், காந்தத்தில் தட்டுகிறது என்று அர்த்தம். போன மாதம் வந்த ஒரு பெண், வால்வு வைத்த பெட்டியைத் திறக்கவே பயமாக இருக்கிறது, நீங்கள் பயந்ததே இல்லையா ஆன்ட்டி என்று கேட்டாள். பயந்திருக்கிறேன் என்றேன். ஷாக் அடித்துவிட்டதா என்றாள். அது ஒரே வாயில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லாததால் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் பெயர் செல்லக்கனி. தாராவியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தார். நகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஏழாவது வரை படித்தேன். மாட்டுங்காவில் ஒரு ரிப்பேர் கடையில் காயில் சுற்ற ஆள் தேடுகிறார்கள், கண் கூர்மையுள்ள பெண்பிள்ளை என்றால் நல்லது என்று கேள்விப்பட்டுப் போனேன். முதல் வருஷம் முழுக்கத் தலைமுடி மாதிரி இருக்கும் செப்புக் கம்பியை அறுத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருஷம் அறுக்காமல் சுற்றினேன். என் தொழில் படிப்பு அவ்வளவுதான்.

கடை தேவசகாயம் சாருடையது. நாகர்கோவில் பக்கத்து மனிதர். கப்பலில் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்துவிட்டுக் கரையேறியவர். கஞ்சி போட்ட சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான். மின்சாரம் ஓடுகிற பெட்டிக்குள் வலது கையை மட்டும்தான் விடுவார். இடது கை கால்சட்டைப் பைக்குள் இருக்கும். இரண்டு கையும் உள்ளே போனால் ஒரு கையில் ஏறிய மின்சாரம் நெஞ்சு வழியாக மறு கைக்கு இறங்கும் என்பார். பெட்டி ஓடும்போது யாரும் பேசக்கூடாது. ஒரு வேலையை முடித்துவிட்டுப் போய் நின்றால், "என்ன பண்ணின, வரிசையா சொல்லு" என்று கேட்பார். பிளக்கைப் பிடுங்கியதிலிருந்து ஆரம்பித்துச் சொல்ல வேண்டும். நடுவில் ஒன்றை விட்டுவிட்டால் திட்டமாட்டார். குரல் இன்னும் தாழ்ந்து, "முதல்ல இருந்து" என்பார். அந்தத் தாழ்ந்த குரலுக்குப் பயந்தே பிளக்கிலிருந்து மறுபடி ஆரம்பிப்பேன்.

அறுபத்தைந்தில் போர் மூண்டபோது பம்பாயில் மாலையானால் விளக்கை மறைக்க வேண்டியிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டினோம். செம்பூர்க்காரர்களுக்கு மற்றவர்களைவிடக் கிலி அதிகம். எண்ணெய் ஆலைகளும் அணு ஆராய்ச்சி நிலையமும் அந்தப் பக்கம் இருந்ததால் குண்டு விழுந்தால் முதலில் தங்கள் தலையில்தான் என்று பேசிக்கொள்வார்கள். ஒற்றர்கள் ஊருக்குள் இறங்கிவிட்டார்கள் என்று வேறு பேச்சு. மாடியில் பீடி பற்றவைத்தவனைப் பிடித்து உதைத்தார்கள் என்றும், துணிக்கொடியை ஒற்றனின் ஏரியல் கம்பி என்று நினைத்து அறுத்துப் போட்டார்கள் என்றும் தினம் ஒன்று காதில் விழும்.

அந்தச் சமயத்தில்தான் மீரான் சாயிபு கடைக்கு வந்தார். மேலப்பாளையத்துக்காரர், தாராவியில் தோல் வியாபாரம், என் அப்பாவுக்குப் பழக்கம். வியாபாரம் நிமிர்ந்ததும் செம்பூரில் தரைத்தளத்தில் ஒரு வீடு வாங்கிக் குடிபோயிருந்தார். சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுப்போன ரெக்கார்டு பிளேயர் ஒன்றை ஏலத்தில் எடுத்திருந்தார். தேக்குப் பெட்டி, மேலே சுழலும் தட்டு, உள்ளே பல்பு மாதிரி சிவந்து எரியும் வால்வுகள், முன்னால் பெரிய ஸ்பீக்கர். அதில் ரேடியோ கிடையாது. அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருக்கத் தபாலாபீசில் லைசென்ஸ் எடுக்கவேண்டும், ரெக்கார்டு பிளேயருக்கு வேண்டாம். அதனால் அவரிடம் லைசென்ஸும் இல்லை. பின்னறையில் படுக்கையாகக் கிடந்த அவருடைய உம்மாவும் பாட்டுக் கேட்கட்டும் என்று, பெரிய ஸ்பீக்கரிலிருந்து நீளமாக ஒரு கம்பியை ஜன்னல் வழியே வெளியே எடுத்து, சுவரோரமாகவே கொண்டுபோய்ப் பின்னறையில் ஒரு சின்ன ஸ்பீக்கரில் மாட்டியிருந்தார்.

கனத்த குரல் பாடுகிற இடத்தில் கரகரக்கிறது என்றார். சார் தலையாட்டினார். சாயிபு போகாமல் நின்றார்.

"பாட்டு ஓடாதப்பவும் என்னமோ முணுமுணுக்குது சார். ஜின்னு பூந்துட்டுன்னு எங்க வீட்டுல அந்த ரூமுக்கே வர மாட்டேங்கா."

மறுநாள் மத்தியானம் சாரும் நானும் போனோம். வீடு தேடிப் போய்ப் பார்க்கிற ரிப்பேர் என்றால் என்னையும் அழைத்துப் போவார். சாயிபின் மனைவி மைமூன் கதவைத் திறந்துவிட்டு, ஹாலுக்குள் வராமல் நடையிலேயே நின்றுகொண்டாள். சார் ஒரு ரெக்கார்டை ஓட்டினார். தபலா விழும் இடமெல்லாம் உரசல். காயில்தான் என்று எனக்கே தெரிந்தது. ஊசியை எடுத்து வைத்துவிட்டு, வெறும் இரைச்சல் எவ்வளவு என்று பார்க்கச் சத்தத்தை முழுக்கத் திருப்பினார். நான் பின்பக்கப் பலகையைக் கழற்றிவிட்டு, கூம்புத் தாள்மேல் விரல்நுனியை வைத்திருந்தேன்.

தாள் அதிர்ந்தது. காது கேட்பதற்கு முன்னால் விரலுக்குத் தெரிந்தது. தட்டு சுழலவில்லை, ஊசி அதன் தாங்கியில் கிடந்தது, என் விரலுக்கடியில் ஒரு ஆண் பேசினான். "செவன், ஃபோர், ஃபோர், நைன்." கொஞ்சம் நிறுத்தி மறுபடி நான்கு எண்கள். கோபமோ அவசரமோ இல்லாத குரல். யாரிடமோ, யாரும் பதில் சொல்லத் தேவையில்லாததுபோல் அடுக்கிக்கொண்டே போனான். நான் கையை இழுத்துக்கொண்டேன். மைமூன் நடையில் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பது தெரிந்தது.

சாரைப் பார்த்தேன். அவருடைய இடது கை பைக்குள்ளிருந்து வெளியே வந்திருந்தது. இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அதுவரை அப்படி நான் பார்த்ததில்லை. சுவிட்சை அணைத்தார். இந்த ஜன்னல் எப்போதும் திறந்துதான் இருக்குமா என்று மைமூனிடம் கேட்டார். ஆமாம் என்றாள். பக்கத்து வீட்டில் யார் என்று கேட்டார். சேஷாத்ரி என்று ரிட்டயர் ஆன ஆபீஸ்காரர், தமிழ் ஆட்கள், அவர்கள் மகன் பட்டாளத்தில் இருக்கிறான் என்றாள்.

ஸ்பீக்கரைக் கழற்றச் சொல்லி சால்டரிங் இரும்பை என்னிடம் கொடுத்தார். பிளக்கைப் பிடுங்கினேன். கண்டென்சரில் தேங்கியிருந்த மின்சாரத்தை, மரப்பிடி போட்ட திருப்புளியால் இறக்கினேன். டப்பென்று ஒரு பொறி. இரண்டு கம்பிகளிலும் நூல் கட்டி அடையாளம் வைத்துப் பற்றவைப்பை உருக்கி எடுத்தேன். நான்கு திருகாணிகளையும் எதிரெதிராகத் தளர்த்தினேன். ஒரே பக்கமாகத் தளர்த்தினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். ஸ்பீக்கரை வெள்ளைத் துணியில் சுற்றி என் பையில் வைத்தேன். சார் ஒருமுறை ஜன்னலைப் பார்த்தார். பஸ்ஸில் வரும்போது, இதைப்பற்றி வீட்டில்கூடப் பேசவேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

கடையில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். கூம்பிலிருந்து வெளியே வரும், சடைபோல் பின்னிய மெல்லிய கம்பி, சேருமிடத்தில் பாதி அறுந்து, பழைய செப்புப் பாத்திரத்தில் பிடிக்கிற பச்சைக் களிம்பு மூடிக் கிடந்தது. அந்தக் களிம்புதான் பேசியது என்றார் சார். கடலோரத்தில் எங்கோ வலுவான வயர்லெஸ் கம்பம் ஒன்று இருக்கிறது, சுவரோரம் ஓடுகிற நீளக் கம்பி அதன் அலையைப் பிடிக்கிறது, களிம்பேறிய இந்தச் சந்திப்பு அதைக் குரலாகப் பிரித்துக் கொடுக்கிறது, ஆம்ப்ளிபையர் பெரிதாக்குகிறது என்று விளக்கினார். பேய் இல்லை என்று எனக்கு நிம்மதி. சாருக்கு நிம்மதி வரவில்லை. அந்த எண்கள் ரகசியக் குறி, இந்த நேரத்தில் அது நம் காதில் விழவே கூடாது என்றார். ரேடியோ சாமான் விற்கும் லாமிங்டன் ரோட்டில் அதே அளவு ஸ்பீக்கர் வாங்கி மறுநாளே கொண்டுபோய் மாட்டினோம். சத்தத்தை முழுக்கத் திருப்பி, ஊசியைத் தூக்கி வைத்து, சார் வெகுநேரம் காதைக் கொடுத்துக் கேட்டார். ஒன்றும் வரவில்லை. களிம்பேறிய சந்திப்புப் போய்விட்டதால் கம்பியை அவர் தொடவில்லை. சாயிபின் உம்மாவுக்கு வைத்த ஸ்பீக்கர் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

பழைய ஸ்பீக்கரின் சட்டம் வளைந்திருந்தது. வளைந்ததை நாங்கள் வைத்துக்கொள்வதில்லை. கடையில் சேரும் மற்ற கழிவுகளோடு அதையும் வழக்கம்போல் தாராவியில் பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரரிடம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

சில நாள் கழித்து, காலையில் கடைக்கு வந்தால் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வாசலில் கறுப்புத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு மைமூன் நின்றாள். முதல்நாள் சாயங்காலம் சாயிபைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னாள். வாரக்கணக்காக அந்த வீட்டில் ஒரு ஆள் எண் சொல்கிறான் என்று பக்கத்து வீட்டில் புகார் கொடுத்திருக்கிறார்கள். பெட்டியைத் திறந்தது யார் என்று கேட்டதற்குச் சாயிபு உண்மையைச் சொல்லிவிட்டார். விடிந்ததும் ஜீப் இங்கே வந்து சாரையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது.

"ஒரு ஆளும் பொம்பளையும் பையோட வந்து, பெட்டியிலேருந்து எதையோ துணியில சுத்தி எடுத்துட்டுப் போனாங்க, அன்னையிலேருந்து சத்தம் நின்னுபோச்சுன்னு எழுதிக் குடுத்திருக்காவ" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பொம்பள யாருன்னு இன்னும் எவரும் சொல்லல தங்கச்சி. நீ வராட்டியும் நான் கொற சொல்ல மாட்டேன்."

அந்த இடத்தில் நான் நின்ற நிலையை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. கால் இரண்டும் தாராவிப் பக்கம் திரும்பிவிட்டன என்றே நினைக்கிறேன். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் என்னைத் தேடி யார் வரப்போகிறார்கள்? அப்பாவுக்குத் தெரிந்தால் வேலைக்கே அனுப்பமாட்டார். போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதித்த பெண்ணை யார் கட்டுவான் என்று அம்மா அழுவாள். மைமூன் என் கையை விட்டுவிட்டுத் தனியாகவே நடக்கத் தொடங்கினாள். சரி அக்கா, வாரேன் என்றேன்.

ஸ்டேஷனில் சாயிபு தரையில் உட்கார்ந்திருந்தார். சார் பெஞ்சில் இருந்தார். சட்டைக் கையின் பொத்தான் திறந்து கிடந்தது. இன்ஸ்பெக்டர் மராட்டிக்காரர், கத்தாத மனிதர். இதுதான் விஷயம் என்று இந்தியில் எனக்கே எடுத்துச் சொன்னார். லைசென்ஸ் இல்லாத வீட்டில் எண் சொல்லும் குரல் கேட்கிறது. அந்த வீட்டிலிருந்து வெளியே கம்பி ஓடுகிறது. கப்பலில் வயர்லெஸ் ஓட்டிய ஒருவன் வந்து எதையோ கழற்றிக்கொண்டு போகிறான். அதோடு குரல் நிற்கிறது. நீ என்ன நினைப்பாய் என்று கேட்டார். அவருடைய நாற்காலியில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

சார் என்னைப் பார்த்துவிட்டார். இவள் கம்பி சுற்றுகிற பெண், இவளுக்கு எதுவும் தெரியாது, வீட்டுக்கு அனுப்புங்கள் என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. கண்ணால் கதவைக் காட்டினார்.

மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். "எடுத்தது நான்தான்" என்றேன்.

எதை எடுத்தாய், எப்படி எடுத்தாய் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். பிளக்கிலிருந்து ஆரம்பித்தேன். திருப்புளி, நூல், பற்றவைப்பு, எதிரெதிர்த் திருகாணி என்று எனக்குத் தெரிந்த பம்பாய் இந்தியில் வரிசையாகச் சொன்னேன். ஓரக்கண்ணால் பார்த்தபோது சார் தரையைப் பார்த்தபடி உதட்டை அசைத்து என்னோடு கூடவே சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஸ்பீக்கர் எங்கே என்றார் இன்ஸ்பெக்டர். கபாடியில் என்றதும் பின்னால் யாரோ சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. போய் எடுத்து வா, அது பேசுகிறதா பார்ப்போம் என்று, சாதா உடையில் ஒரு கான்ஸ்டபிளை என்னோடு அனுப்பினார்.

சாதா உடை போட்டிருந்தாலும் அவர் காலில் போலீஸ் பூட்ஸ். எங்கள் சந்தில் நான் முன்னால் போக, அந்த பூட்ஸ் சத்தம் பின்னால் வந்தது. கதவுகளில் நின்றவர்கள் உள்ளே போனார்கள். கபாடிக்காரர் சுடலைமுத்து அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்காமல், என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"அப்படி ஒண்ணு எங்கிட்ட வரவே இல்ல தாயி."

"நாந்தான அண்ணாச்சி கொண்டாந்து போட்டேன்."

"வரலன்னா வரல. பொழப்பக் கெடுத்துராத."

கான்ஸ்டபிளிடம் கெஞ்சி, சந்து முனை டீக்கடையில் நிற்கச் சொன்னேன். என்ன நினைத்தாரோ, போனார். அண்ணாச்சியிடம் திரும்பி, "ரெண்டு பேரு உள்ள கெடக்காவ. அது கெடைக்கலன்னா மூணாவதா நானும் போவேன்" என்றேன்.

அவர் பின்பக்கம் போனார். தகர டப்பாக்கள் சரியும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. உடைத்துக் காந்தத்தை எடுப்பதற்காக ஒதுக்கிய குவியலிலிருந்து அதைக் கொண்டுவந்தார். கூம்பின் ஓரம் கிழிந்திருந்தது. பச்சைக் களிம்பு அப்படியே இருந்தது.

"இத வச்சு என்ன செய்வ?"

"பேசிட்டா விட்டுருவாவ."

"பேசலன்னா?"

முந்தானையை அதன்மேல் போட்டு மூடிக்கொண்டு நடந்தேன். பஸ்ஸில் மடியில் வைத்திருந்தபோது, அந்தச் சந்திப்பில் துணிகூடப் படாமல் விரலை வளைத்துப் பிடித்திருந்தேன். பஸ் குலுங்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் வந்தது. பக்கத்தில் இருந்தவர் மடியில் என்ன என்று கேட்டார். கான்ஸ்டபிள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பாத்திரம் என்றேன்.

சாயங்காலம் சாயிபு வீட்டு ஹாலில் எல்லோரும் கூடினோம். சாயிபையும் சாரையும் ஜீப்பில் அழைத்து வந்திருந்தார்கள். புகார் கொடுத்த சேஷாத்ரியும் வரவழைக்கப்பட்டுச் சுவரோரமாக நின்றார். மெலிந்த மனிதர், மேல்துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தார். சார் பெட்டியைத் தொடக்கூடாது என்றார்கள். புது ஸ்பீக்கரைக் கழற்றிப் பழையதை மாட்டினேன். வால்வுகள் சிவந்தன. சத்தத்தை முழுக்கத் திருப்பினேன்.

இரைச்சல் மட்டும்தான் வந்தது.

காத்திருந்தோம். யாரோ இருமினார்கள். சாரைப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, சுவரோரம் ஓடிய கம்பி இல்லை. அதைச் சுருட்டிச் சாட்சிப்பொருளாக எடுத்துப்போயிருக்கிறார்கள். அந்தக் கம்பி வேண்டும் என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன். ஜீப் போய் எடுத்து வந்தது. முன்பு இருந்த மாதிரியே ஜன்னல் வழியே வெளியில் கட்டினோம். மறுபடி சுவிட்சைப் போட்டேன். மறுபடியும் இரைச்சல்தான்.

தீக்குச்சி ஒன்று எடுத்து, களிம்பேறிய இடத்தை மெல்ல, மெல்லத் தொட்டேன். கரக்கென்று ஒரு சத்தம். அடுத்து, ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த ஒருவனின் வாயைப் பொத்தியிருந்த கையை எடுத்ததுபோல், பாதி வார்த்தையிலிருந்து குரல் வந்தது. "...ஃபைவ், நைன், டூ." கிழிந்த கூம்பு வழியாக இன்னும் கரகரப்பாக, ஹால் முழுக்கக் கேட்டது. பின்னறையில் அந்த அம்மா யார் வந்திருப்பது என்று கேட்டார்.

எனக்கு அழுகை வந்தது. சாயிபு, "அல்லாவே" என்று கண்ணை மூடினார். இன்ஸ்பெக்டர் மட்டும் அசையாமல் கேட்டுவிட்டு, "மத்லப், சுன்தா தோ ஹை" என்றார். அப்படியென்றால் இது கேட்கத்தான் செய்கிறது.

எவ்வளவு பெரிய பள்ளத்தில் நானே எல்லோரையும் இறக்கிவிட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது. ஒலிபரப்புகிற கருவி இல்லை என்று காட்ட வந்தவள், ரகசியச் செய்தி கேட்கிற கருவி என்று நிரூபித்துவிட்டேன். களிம்பு, கம்பி, தற்செயல் என்று சார் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தி நிறுத்தினார். ஸ்பீக்கரை, கம்பியை, பெட்டியை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு சேஷாத்ரியிடம் திரும்பி, உங்கள் வீட்டில் ரெக்கார்டு பிளேயர் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றார் அவர். இந்த ஸ்பீக்கரை அதில் மாட்டு என்று இன்ஸ்பெக்டர் என்னிடம் சொன்னார்.

சேஷாத்ரி வீட்டு ஹாலில் ஜன்னலெல்லாம் கறுப்புத் தாள். விளக்கு மறைக்கும் நேரம் ஆகிவிட்டதால் துணி கட்டிய ஒரே பல்பு. அவருடைய மனைவி சாமி படத்துக்குப் பக்கத்தில் நின்றார். அலமாரியில் பட்டாள உடையில் மகனின் போட்டோ. அவர்களுடையது சின்னப் பெட்டி, வால்வு வைத்ததுதான். நீளக் கம்பியை ஜன்னல் இடுக்கு வழியே இழுத்து, பழைய ஸ்பீக்கரில் மாட்டினேன். மாட்டும்போது சந்திப்பு அசைந்துவிடுமோ என்று பயம். இந்தப் பெட்டியில் பேசாவிட்டால் அந்தப் பெட்டி ஒற்றுக் கருவி என்று முடிவாகிவிடும் என்ற பயம்.

இருட்டில் வால்வின் சிவப்பு மட்டும் தெரிந்துகொண்டிருந்தது. நேரம் போனது. பிறகு, சேஷாத்ரியின் சொந்தப் பெட்டியிலிருந்து, அவர் வீட்டு நடுக்கூடத்தில், அதே குரல் எண்களை அடுக்கத் தொடங்கியது.

அவர் மனைவி காதைப் பொத்திக்கொண்டார். சேஷாத்ரி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார். இன்ஸ்பெக்டர் சுவிட்சை அவரே அணைத்தார். அப்படியானால் இப்போது இவரையும் கைது செய்யவேண்டியதுதான் என்று சேஷாத்ரியைக் காட்டிக் கேலியாகச் சொல்லிவிட்டு, ஸ்பீக்கரையும் கம்பியையும் எடுத்துக்கொள்ளும்படி கான்ஸ்டபிளிடம் காட்டினார். அந்த ஸ்பீக்கரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

சாயிபை மறுநாள் விட்டார்கள். சாரை அன்றைக்கே விட்டார்கள், ஆனால் போர் முடியும்வரை வாரம் ஒருமுறை ஸ்டேஷனில் வந்து கையெழுத்துப் போடவேண்டும் என்றார்கள். மைமூன் தன் மாமியாரின் கட்டிலை ஹாலுக்குக் கொண்டுவந்துவிட்டாள். இனிமேல் கம்பியே வேண்டாம் என்றாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே பேச்சு நின்றது. அடுத்த வருஷமே சாயிபு வீட்டை விற்றுவிட்டுத் தாராவிக்குத் திரும்பினார்.

சாருக்கு என்ன ஆயிற்று என்றால், ஸ்டேஷனில் இருந்துவிட்டு வந்ததிலிருந்து வலது கை நடுங்க ஆரம்பித்தது. மின்சாரம் ஓடுகிற பெட்டிக்குள் நடுங்குகிற கையை விடமுடியாது. ஒருநாள் மின்சாரம் அளக்கும் மீட்டரை என் பக்கமாகத் தள்ளிவைத்துவிட்டு முன்மேஜைக்குப் போய் உட்கார்ந்தார். காயில் சுற்றியவள் மெக்கானிக் ஆனது இப்படித்தான். யாரும் பாராட்டி உயர்த்தவில்லை.

போர் நின்று, ஜன்னல்களில் கறுப்புத் தாளைக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்த நாட்களில், சேஷாத்ரி ஒரு டாக்சியில் தன் ரெக்கார்டு பிளேயரை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். சாரைக் கண்டதும் நின்றார். சார் எழுந்து உள்ளே போய்விட்டார். பெட்டியில் என்ன குறை மாமா என்று கேட்டேன்.

"ஸ்பீக்கரை எடுத்துடும்மா" என்றார்.

சோதித்துப் பார்த்தேன். குறை எதுவும் இல்லை என்றேன்.

"தெரியும். ஆத்துக்காரி சாயங்காலம் ரெக்கார்டு போடுவா, அது ஓடட்டும். சத்தம் வேண்டாம்." துண்டை முறுக்கினார். "பிள்ளைகிட்டேர்ந்து ஒரு தகவலும் இல்லே. அவனுக்கும் பட்டாளத்துல ஒரு நம்பர் இருக்கு. பாட்டு முடிஞ்சு ஊசியை எடுத்தா, அந்தக் குரல் அடுத்தது அவன் நம்பரைச் சொல்லிடுமோன்னு இருக்கும்மா."

இவரால்தானே அன்றைக்கு அவ்வளவும் என்று அதுவரை மனதில் ஒன்று இருந்தது. பிறகு பெட்டியைத் திறந்தேன். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வுப் பெட்டியை ஓட்டினால் உள்ளே டிரான்ஸ்பார்மர் வெந்துவிடும். அதனால் ஸ்பீக்கர் இருந்த இடத்தில் மின்சாரத்தைச் சூடாக மாற்றிவிடும் தடிமனான ஒரு ரெசிஸ்டரை வைத்துப் பற்றவைத்தேன். பாட்டெல்லாம் சூடாகிப் போய்விடும், சத்தம் வராது என்று சொன்னேன். ஓட்டிக் காட்டினேன். தட்டு சுழன்றது, ஊசி உரசும் மெல்லிய கீச்சு தவிர ஒன்றும் கேட்கவில்லை. அவர் உள்ளங்கையைப் பெட்டிமேல் வைத்துப் பார்த்துவிட்டுத் தூக்கிக்கொண்டு போனார். அவருடைய ஸ்பீக்கரைத் துணியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.

அடுத்த மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒருநாள், தலைமுடி ஒட்ட வெட்டிய ஒரு இளைஞர் சேஷாத்ரியின் அந்தப் பெட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார். லீவில் வந்திருப்பதாகவும், அப்பா இதை ஏன் ஊமையாக வைத்திருக்கிறார் என்று கேட்டால் பதிலே சொல்லமாட்டேன் என்கிறார் என்றும் சொன்னார். போட்டோவில் பார்த்த முகம், வெயிலில் கறுத்திருந்தது. ரெசிஸ்டரை எடுத்துவிட்டு ஸ்பீக்கரை மாட்டி, ஒரு ரெக்கார்டை ஓட்டி, ஊசியைத் தூக்கி வைத்து, சத்தத்தை முழுக்கத் திருப்பிக் கூம்பின் அருகே காதைக் கொண்டுபோனேன். அவரும் குனிந்தார். உள்ளேயிருந்து சாரும் வந்து நின்றார்.

"என்ன கேக்கறேள்?" என்றார் அந்தப் பிள்ளை.

"ஒண்ணும் கேக்கலையான்னு கேக்கேன்" என்றேன்.